கேட்டுத் தூணும் கிளெய்ம் பாரமும்

தூணை இடித்தது பைலட்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் காரிலிருந்து இறங்கிய உடனே, "எவன்யா இந்தத் தூணை இங்க கொண்டு வந்து வச்சவன்?" என்று கத்தினார். தூண் அவர் வீட்டு வாசல் கேட்டின் தூண். வைத்தவர் அவரேதான். "இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று கொத்தனார் உயிரை வாங்கி, மூன்று தடவை இடம் மாற்றி வைத்த தூண்.

பைலட் என்பது தெருக்காரர்கள் வைத்த பேர். காரை எடுப்பதற்கு முன்னால் நாலு சக்கரத்தையும் சுற்றி வருவார். கண்ணாடிகளைத் துடைப்பார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். ஆகாயத்தில்தான் போகப்போகிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற நாளெல்லாம் அவர் வேலைக்குப் போவது பஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், அவர் போகும்போதும் வரும்போதும் கார் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். மனைவி கல்யாணத்துக்கு முந்தியே லைசென்ஸ் எடுத்தவள். இருந்தாலும் அலமாரியில் கிடக்கும் சாவியைத் தொடவிடமாட்டார். "லைசென்ஸ் இருந்தா ஆச்சா? கை வரணும்" என்பார்.

இப்போது பம்பர் பிளந்து, பின் விளக்கு உடைந்து, டிக்கி சப்பையாகிக் கிடந்தது. மெக்கானிக் வந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். பைலட்டுக்குக் காது அடைத்தது.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல சார்? கிளெய்ம் போட்டுருங்க."

பாரத்தை வாங்கி வந்து மடமடவென்று நிரப்பினார். ஓட்டியவரின் லைசென்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். அது செத்து நாலு மாசம் ஆகியிருந்தது.

அடுப்படிக்குப் போனார்.

"இந்தாம்மா, இதில ஒரு கையெழுத்து போடேன்."

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லை. நீ காரைத் தூணில இடிச்சிட்டேன்னு."

"நானா?"

"சும்மா, பேருக்குத்தான்."

"பேரு என்னுதாச்சே!"

"கத்தாதே. என் லைசென்ஸ் தீர்ந்து போச்சு. நான் ஓட்டினேன்னு எழுதினா பைசா தரமாட்டான்."

"ஒரு நாளும் ஓட்டாதவ இடிச்சேன்னா யாருங்க நம்புவா?"

"ஓட்டாதவதான் இடிப்பா. உடனே நம்புவாங்க!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொய்யாச்சே. மாட்டிக்கிட்டா?"

"உனக்குப் புருஷன் மானம் பெரிசா, ஒரு கையெழுத்து பெரிசா?"

"மானத்தைத் தூணில முட்டும்போது என்னைக் கேட்டா முட்டினீங்க?"

அரை மணி நேரம் கெஞ்சினார். கடைசியில் அவள் சொன்னாள்: "காரைப் பார்க்க கம்பெனியிலேர்ந்து வர்றவர் முன்னாடி கையெழுத்தைப் போடறேன். அவர் கேட்டா நான்தான்னு சொல்றேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"அது போதும் தாயே!"

மறுநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்கிறவர் வந்தார். ஒல்லி மனுஷன். கையில் அளவு டேப். தூணை அளந்தார், டிக்கியை அளந்தார், இரண்டுக்கும் நடுவில் நின்ற பைலட்டையும் கண்ணாலேயே அளந்தார்.

"ஓட்டினது யாரு?"

"நான்தாங்க" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பைலட்டின் நாக்குக்கு பிரேக் கிடையாது.

"பொம்பளை ரிவர்ஸ் எடுத்தா வேற என்ன சார் ஆகும்? வலது எது இடது எதுன்னு தெரியாது. கண்ணாடி வச்சிருக்கிறதே பொட்டு வச்சுக்கத்தான்னு நினைப்பு!"

அவள் சுவரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எப்படி எடுத்தீங்கன்னு ஒருவாட்டி காட்டுங்கம்மா. எந்தப் பக்கமா வந்து பட்டுச்சுன்னு பாக்கணும்" என்றார் டேப்புக்காரர்.

பைலட் உயிரைக் கொடுப்பதுபோல் சாவியைக் கொடுத்தார். "லேசா முட்டிக் காட்டு" என்று காதில் ஓதினார்.

அவள் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். ஊசியில் நூல் கோத்த மாதிரி, இரண்டு தூணுக்கும் நடுவே பின்பக்கமாகவே கார் தெருவுக்குப் போயிற்று. போன வழியே திரும்பி வந்து, கிளம்பின தடத்திலேயே நின்றது.

டேப்புக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

"இவங்களா சார் இடிச்சது?"

பைலட் மேகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பாரம் என் கைக்கே வரலைன்னு வச்சுக்கறேன். உள்ளே போச்சுன்னா பொய் கிளெய்ம்னு கேஸாயிடும். நிஜமா ஓட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் பைலட். கொசு பேசினதுபோல் இருந்தது.

"உங்க லைசென்ஸ்?"

பைலட் பர்ஸ் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"புதுசு வர்ற வரைக்கும் ஸ்டியரிங் பக்கமே போகாதீங்க."

டேப்புக்காரர் தலை மறைந்ததும் பைலட் குதித்தார்.

"காலை வாரிட்டியே! நான்தான்னு சொல்றேன்னு சொன்னியே!"

"சொன்னேனே."

"லேசா ஒரு முட்டு முட்டியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"முட்டறதுக்கு எனக்குக் கை வரலைங்க."

"இப்படி ஓட்ட எங்கடி கத்துக்கிட்டே?"

"மெக்கானிக் கடையைப் பூட்டிடுவார். நம்ம காசுலதானே பண்ணணும்? ஏறுங்க."

வேறு வழியில்லை. பைலட் மனைவிக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். அதற்குள் அவர்களுடைய ஆறு வயசு மகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பா, அது என் சீட்டு. தினமும் ஸ்கூலுக்கு நான் அங்கதான் உக்காந்து போவேன். நீங்க பின்னாடி போங்க."