தொட்டில் டாக்டர்

எல்லா ஊரிலும் ஓர் இனம் உண்டு. தொட்டில் டாக்டர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஆண் குழந்தை பிறந்த வீட்டுக்கு அழைக்காமலே வருவார். மற்றவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அப்பன் ஜாடையா, மாமன் ஜாடையா என்று பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே குனிந்து, "ம்ஹூம்" என்பார். பெற்றவள் கலங்கிவிடுவாள். அதற்குத்தானே வந்தார்?

தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: முன்தோலை வெட்டிவிட வேண்டும். பிள்ளை அழுதால் அதனால், அழாவிட்டாலும் அதனால், மாந்தம், இளைப்பு, பிற்காலத்தில் கணக்குப் பாடத்தில் கோட்டைவிடுவது எல்லாமே அதனால். மார்க்கப்படி சுன்னத்து செய்கிறவர்கள் விஷயம் வேறு. இவரிடம் மார்க்கமும் இல்லை, மருத்துவமும் இல்லை. 1914 யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் மருந்துப் புட்டி கழுவியிருக்கிறார், அவ்வளவுதான்.

சிம்மக்கல்லில் என் எதிர்வீட்டு ஜெயக்கொடியின் சித்தப்பா கண்ணுச்சாமி இந்த இனத்தில் தலைசிறந்தவர். 1934 ஆகஸ்டு 26, ஞாயிறு, காலை எட்டேகால் மணிக்கு அவளுடைய இரண்டாவது பிள்ளையைப் பார்க்க வந்தார். பிள்ளைக்கு நாற்பத்தொரு நாள். நானும் அங்கே இருந்தேன்.

"ம்ஹூம். தோலு பின்னுக்கு வரல பாரு. நாளைக்கே வெட்டிருவோம். கம்பவுண்டர்ட்ட சொல்லிட்டேன்."

"பச்சப்பிள்ளைக்கு வராது சித்தப்பா. தன்னால வாரப்ப வரட்டும். பால் குடிக்கிறான், தாரையா ஒண்ணுக்குப் போறான். இன்னும் என்ன வேணும்?"

"வெள்ளக்காரத் தொரைமார் வீட்டுல எல்லாம் வெட்டுறாகத்தா!"

"அவுக வெயில்ல கோட்டும் போடுறாக."

கண்ணுச்சாமியின் கை பிள்ளையை நோக்கி நீண்டது. ஜெயக்கொடி அதைத் தட்டிவிட்டாள்.

"மூத்தவனுக்குத் தொட்டது போதும். அன்னைக்கு நீங்க தோலப் பின்னுக்குத் தள்ளிவிட்டதுல ரத்தம் வந்து, மூணு நாளு ஒண்ணுக்குப் போறப்பெல்லாம் வீல் வீல்னு கத்துனான். வீங்கிப்போச்சு."

"பாத்தியா, அதத்தான் சொல்றேன்! பொறந்தப்பவே வெட்டியிருந்தா வீங்கியிருக்குமா?"

கவனித்தீர்களா? காயத்தை உண்டாக்கியவரே அந்தக் காயத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்! இந்த இனத்தை வாதத்தில் வெல்ல முடியாது. ஜெயக்கொடி வாதம் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க பெத்த அண்ணன்மாரு மூணு பேருக்கும் வெட்டுனீகளா?"

"அவுகளுக்கா? பச்சப்பிள்ளைய வெட்டச் சொல்ல எப்படித்தா மனசு வரும்?"

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் நல்லகாமன்தான், "மாமா, காப்பி ஆறுது," என்றான். மாமா அதைக் குடித்துவிட்டு, எழுமலையில் யாருக்கோ பேரன் பிறந்திருக்கிறான் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அந்தப் பையனுக்கு இப்போது எட்டு வயது. அவள் வெளியே மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், வேறெதுவும் செய்யவில்லை. தோல் தன்பாட்டுக்கு விலகிக்கொண்டது. காய்ச்சல், வீக்கம் ஏதும் இல்லை. கணக்கில் வகுப்பில் முதல்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது. அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். "ம்ஹூம்" என்று சொல்லாமல் எத்தனை நிமிஷம் தாங்குகிறீர்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.