மீதி எலும்பு இருக்கக் கூடாது

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள்; அந்த நலத்தைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வாய்வார்த்தைக்காகத்தான் இந்த அருங்காட்சியகத்தில் என்னைக் காவலுக்கு வைத்தார்கள். போன வாரம் எலும்பு பூட்டுகிறவர் முதுகுவலியில் படுத்துவிட, கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, சிங்கப் பெட்டியைத் திறந்து கோத்து நிறுத்தச் சொன்னார். கூரை ஒழுகிப் பெட்டிகளின் சீட்டெல்லாம் கரைந்து போயிருந்தது, நானும் இடுக்கில் பார்த்தால் சிங்க எலும்பு மாதிரி தெரிந்த ஒரு பெட்டியைத் திறந்தேன். இங்கே ஒரு வழக்கம், அத்தான்: வேலை முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், ஓர் எலும்பு மீதி விழுந்தாலும் கண்காணிப்பாளர் நம் எலும்பை எண்ணிவிடுவார். கால், நகம், விலா, வால் என்று கம்பியில் கோத்துக்கொண்டே போனேன், எல்லாம் சிங்கம்தான், கடைசியில் கையை விட்டால் இரண்டு தந்தத்தோடு ஒரு குட்டியானை மண்டை. யாரோ கலந்துவிட்டார்கள் என்று புரிந்தது. ஆனாலும் மீதி வைக்கப் பயந்து அதையே கழுத்தில் மாட்டிவிட்டேன். சிங்க உடம்பு, யானைத் தலை: கோயில் தூணில் நிற்கிற யாளி, அத்தான். நாற்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்திய நீங்கள், "அது சிற்பியோட கற்பனைடா" என்று என் வாயை அடைப்பீர்களே, அதே யாளி.

வியாழக்கிழமை கோத்ததைச் சரிபார்க்க எலும்பு நிபுணர் வருகிறார். அதற்குள் பிரிக்காவிட்டால் என் வேலையோடு உங்கள் பெயரும் போகும். ஆனா மத்தியான வெயில் மேல்ஜன்னல் வழியா விழும்போது அது மூச்சு விடுற மாதிரி இருக்கு அத்தான். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தா பொழுது போறதே தெரியல. எங்கேயோ ஒரு ஆத்துல தண்ணி குடிச்சிருக்கும், மழைக்கு ஒதுங்கியிருக்கும், குட்டியை நக்கிவிட்டிருக்கும்னு தோணுது. இடுக்கியை எடுக்கிறேன், மனசு வரல. இல்லாத ஒண்ணுக்காக ஏங்குறது பைத்தியக்காரத்தனம்தான். உங்களைத் தலைகுனிய வைக்கவும் எனக்கு மனசில்லை. நாளைக்கே பிரித்துவிடுகிறேன், மன்னித்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். உங்கள் கோபம் இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் நேரத்துக்குள் ஆறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிபுணர் முன்னதாகவே வந்துவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்துக் கழுத்தையே ஒரு மணி நேரம் பார்த்தார். "மண்டையும் முதுகெலும்பும் அச்சாப் பொருந்துது. இது ரெண்டு மிருகமில்ல, ஒண்ணுதான்" என்றார். சேமிப்பறைக்கு ஓடி மற்றப் பெட்டிகளைத் திறந்தேன். ஒன்றில் சிங்கம் முழுசாக இருக்கிறது, இன்னொன்றில் குட்டியானை, இரண்டும் தலையோடு. மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வண்டிக்கே புறப்பட்டு வாருங்கள், அத்தான். இல்லவே இல்லை என்றீர்களே, அதை அதன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள்.