பிட்டர் அண்ணாச்சியின் சாக்பீஸ்

எங்கள் தெருவில் எந்தப் பொருளும் சாகக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறவர் பிட்டர் அண்ணாச்சி. தூத்துக்குடியில் பழைய இரும்புக்காரன் எட்டிப் பார்க்காத தெரு எங்களுடையது ஒன்றுதான். "அந்த ஆளு இருக்குத வரைக்கும் அங்கன ஒரு ஆணி தேறாது" என்று தெரு முக்கிலேயே வண்டியைத் திருப்பிவிடுவான்.

விமானப் படையில் மிக் இருபத்தொன்று என்ற சண்டை விமானத்தைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவர் அண்ணாச்சி. ஊருக்கு வந்தும் வேலையை விடவில்லை. மாதம் ஒருமுறை டார்ச்சும் ஸ்பானருமாக வீடு வீடாக நுழைவார். மின்விசிறியோ தையல் மிஷினோ, காதை வைத்துக் கேட்பார், நட்டை முடுக்குவார், தேறினால் சாக்பீஸால் 'பறக்கும்' என்று எழுதுவார். மாதா கோயில் சாமியாரின் ஸ்கூட்டரிலும் எழுதினார். அதன் பிறகு சாமியார் அதை மெதுவாகத்தான் ஓட்டினார்.

மீன்பிடித் துறைமுகம் போகிற வழியில் நான் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் கிரைண்டர் நின்றுவிட்டது.

"புதுசு வாங்கட்டா அண்ணாச்சி?"

"ஏளா, அமெரிக்காக்காரன் குண்டு போடுத பிளேன் ஒண்ணு வச்சிருக்கான். தாத்தன் ஓட்டுனதப் பேரனும் ஓட்டுதான். கெட்டத மட்டும் மாத்துவான், பிளேனத் தூரப் போட மாட்டான். ஒனக்கு பெல்ட்தான் போயிருக்கு."

போன வருஷம் அந்த மிக் விமானத்துக்கே ஓய்வு கொடுத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் பறந்த வகை. இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி வழியனுப்பியதை என் கடை டிவியில்தான் பார்த்தார். ஆறு இட்லி தின்கிறவர் அன்று இரண்டோடு எழுந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் எனக்கும் ஓய்வு வந்தது. கண்ணில் புகை மூட்டம். உப்பு என்று நினைத்துச் சாம்பாரில் சீனியைக் கொட்டினேன். லாரி டிரைவர்கள் பாயசம் என்று இரண்டாம் தரம் கேட்டார்கள். செய்தி சென்னைக்குப் போய், மகன் காரோடு வந்து நின்றான்.

"போதும்மா. கடைய மூடிட்டு என்கூட வா."

யார் கையையும் எதிர்பார்க்காமல் நான் நின்ற கடை. ஆனால் சீனிச் சாம்பார் வைத்தவள் என்ன பேச? தலையாட்டினேன்.

வழியனுப்பத் தெருவே கூடியது. அண்ணாச்சி தோளில் ஹோஸ் பைப்போடு வந்தார். எனக்கும் தண்ணீர் மரியாதைதான் என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். அவர் மகனிடம் போனார்.

"ஏலே, அம்மைக்கு என்ன பழுது?"

"கண்ணு தெரியல மாமா."

"கை?"

"நல்லாருக்கு."

"காலு?"

"நல்லாருக்கு."

"வாயி?"

"அது ரொம்ப நல்லாருக்கு."

"கண்ணாடி மங்குனதுக்கு எவனாவது பிளேனயே ஓரங்கட்டுவானாலே? கண்ணாடிய மாத்துவான். கண்ணாஸ்பத்திரிக்கு வண்டிய விடு."

சொல்லிவிட்டுப் பைப்பைத் திறந்து கார் முழுக்கத் தண்ணீர் அடித்தார். கண்ணாடியை இறக்கி வைத்திருந்த மகனுக்கும் மரியாதை கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்த முகம் அண்ணாச்சியுடையதுதான்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு கெழடாயிட்டீரு?"

"அதுக்குத்தான் இத்தன நாளும் ஒன்னய இங்கன கூட்டிட்டு வரல."

மறுநாள் கடையைத் திறக்கப் போனால் கதவில் பெரிதாகப் 'பறக்கும்'. அதைப் படித்த மகன் தனியாகவே சென்னைக்குக் காரை எடுத்தான்.

இப்போது அண்ணாச்சிக்குக் கை நடுங்குகிறது. ஸ்பானரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். எனக்கு எழுத்து அதிகம் வராது. அந்த ஒரு சொல் மட்டும், அவர் எழுதியதைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டது. தினமும் காலையில் அவர் வருவதற்கு முன்னால், அவர் உட்காரும் நாற்காலியின் சாய்மானத்தில் அதைச் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். சாய்ந்து உட்கார்ந்து ஆறு இட்லி தின்று எழுந்தால், சட்டை முதுகில் இடவலம் மாறி ஒட்டிக்கொண்டு தெருவெல்லாம் அவரோடு போகிறது. இதுவரை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.