மாப்பிள்ளை படகில் பச்சைத் தண்ணீர் போன வழி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் தாயாரும், என் மகளும், உங்கள் காலில் போட்ட மாவுக்கட்டும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீங்கள் குறுக்கே குறுக்கே பேசுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

விஷயம் இதுதான். என் பொறுப்பில் விட்டிருக்கும் உங்கள் படகின் எஞ்சின், சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டைக் குடிக்கிறது. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து மூடிவிட்டு வருகிறேன், காலையில் எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஊற்றுகிறேன், மறுநாள் மறுபடி இறங்கியிருக்கிறது, ஊற்றி ஊற்றி எனக்குக் கைதான் வலிக்கிறது. "வாட்டர் பம்ப் பின்னாடி ஒரு ஹோஸ் இருக்கு மாமா, அதோட கிளாம்ப்பை மட்டும் பாருங்க" என்று முதல் நாளே சொன்னீர்கள். பார்த்தேன். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் அந்த வளையம் காய்ந்து கிடந்தது. குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா மாப்பிள்ளை?

எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு. சந்தேகப்படும் இடத்தில் வெள்ளைத்தாளை விரி, விடிந்ததும் வந்து பார், கசிவு தானே கையெழுத்துப் போடும். அப்படியே எஞ்சின் அடியில் விரித்தேன். காலையில் போய்ப் பார்த்தால் தாள் புதுசு மாதிரி, பளபளவென்று, ஒரு சொட்டு இல்லை. தினமும் இதே கதை. மெக்கானிக் ஸ்பானர் (உங்களுக்குத்தான் தெரியுமே, காதில் எப்போதும் பென்சில் வைத்திருப்பாரே, அவர்தான்) "ஆறின எஞ்சினுக்குக் காத்து அடிச்சுப் பாத்துடலாம் சார், எங்க ஒழுகுதுன்னு அதுவே காட்டிடும்" என்றார். தாள் சொன்ன பிறகு காற்று எதற்கய்யா என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் ஒழுகுகிறது, இதில் என்ன மந்திரம் இருக்கிறது? கடல் தண்ணீர் ஒரு பக்கமும் கூலன்ட் ஒரு பக்கமும் ஓடிச் சூட்டை மாற்றிக்கொள்ளும் அந்த நீளக் குழலைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார், ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் ஊற்றினார், ஓட்டை இல்லை. அப்படியானால் அதற்கும் உள்ளே, எஞ்சின் தலைக்குள்ளேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஸ்பானர் பென்சிலை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

இதில் உங்கள் அத்தை எதற்கும் குறுக்கே வரவில்லை. வெள்ளைத்தாள் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று மட்டும் ஒருநாள் முணுமுணுத்தாள்.

இனி முக்கியமான சங்கதி. அக்கரைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் ஓட்டம் திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்றைக்கு யார் படகு வருகிறதோ அதற்கே வருஷம் முழுக்க என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். உங்கள் குடும்பமே அதைத்தான் நம்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் தலையைப் பிரிக்க வேண்டிய எஞ்சினோடு ஆட்களை ஏற்றி நடுத்தண்ணீரில் நிற்க முடியாது. அதனால் நானே போய், எதிர்த்துறைப் படகுக்காரர் மீசையிடம் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தாயாருக்கு என் வணக்கம். கால் சீக்கிரம் கூடி, நீங்களும் என் மகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டபோது உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அட, அந்தப் பச்சைத் தண்ணியா? அதை நான்தானே தினம் விடியக்காலம் போய்த் துடைச்சுட்டு வரேன்! தாளும் நனைஞ்சு கெடக்கும், வேற மாத்திப் போடுவேன். மாப்பிள்ளை படகு, நாலு பேர் ஏறி இறங்குற இடம். கறையா கெடந்தா நம்ம பொண்ணைத்தானே சொல்லுவாங்க?" என்கிறாள். ஏன்டி சொல்லல என்றால், "நீங்க எங்க கேட்டீங்க?" என்கிறாள். ஸ்பானர் வந்து குழலைத் திரும்ப மாட்டி, காற்று அடித்தார். வாட்டர் பம்ப் பின்னாடி, நீங்கள் சொன்ன அதே கிளாம்ப்பில் பச்சையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. "சூட்டுல ரப்பர் உப்பி அடைச்சுக்கும் சார், ஆறினாத்தான் ஒழுகும்" என்று சொல்லிப் புதுக் கிளாம்ப் போட்டுவிட்டார். ராத்திரி முழுக்க அத்தையை வீட்டை விட்டு நகர விடவில்லை. காலையில் தாள் நிஜமாகவே காய்ந்திருந்தது.

மீசையிடம் போய் ஓட்டத்தைத் திரும்பக் கேட்க எனக்கு முகம் இல்லை. அத்தைதான் கையில் துணியோடு போனாள். என்ன பேசினாளோ தெரியாது, ஓட்டம் திரும்ப உங்களுக்கே வந்துவிட்டது, திங்கட்கிழமை ஸ்பானர் ஓட்டுகிறார். பேசிக்கொண்டே மீசையின் எஞ்சினையும் அடிவரைக்கும் துடைத்துவிட்டு வந்தாளாம். அவர் படகில் நாள்பட்ட கசிவு ஒன்று இருந்ததாம். எங்கே என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.