காட்டுத் தீயில் கவிழ்த்த தால்ச்சா

என்னை மடையன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. "எந்த வருஷத்தைச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்பேன். 2005 என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அபார்ட்மென்ட், சாஃப்ட்வேர் வேலை, தலை நிறையத் திமிர். (தலையில் வேறு எதுவும் இல்லாததால் இடம் தாராளம்.) தெற்கு ஜெர்சியில் இருந்த டாக்டர் ஜப்பார் அங்கிளின் மகள் ஷமீமாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கும் மறுப்பில்லை என்று கேள்வி. அங்கிள்தான் பிடி கொடுக்காமல் இருந்தார்.

ஹஜ் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு ஹாலில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அதற்கு முன்தினம் அங்கிள் போன் செய்தார்.

"தம்பி, நெய்ச்சோறு ஹால்லயே ஆக்கிடறோம். தால்ச்சா மட்டும் எடிசன்ல ஒரு அம்மா செஞ்சு தர்றாங்க. நீங்க பிக்கப் பண்ணிட்டு ஒரு மணிக்குள்ள வந்துடுவீங்களா?"

"கவலையே படாதீங்க அங்கிள். அதை என்கிட்ட விட்டுடுங்க!"

இது தால்ச்சா அல்ல, பரீட்சை என்று எனக்கும் தெரியும். ஒரு பாத்திரத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஞாயிறு காலை, பருப்பும் ஆட்டெலும்பும் கத்தரிக்காயுமாக ஒரு பெரிய தேக்சா பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ஹைவேயில் போயிருக்கலாம். இந்தத் துரைக்கு அங்கிளிடம் பேசப்போவதை ஒத்திகை பார்க்க அமைதியான சாலை தேவைப்பட்டதாம்! பைன் காட்டு வழியாக விட்டேன்.

ஒத்திகை மும்முரத்தில் சாலையோரம் நின்ற ஆரஞ்சு போர்டைப் பார்த்தேன், படிக்கவில்லை. அதைத் தாண்டியதும் புகை. பைன் மரங்களுக்கு அடியில், முழங்கால் உயரப் புதர்களுக்குள் ஒரு தீக்கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் ஆளே இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை.

அறிவுள்ளவன் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஓட்டிப்போய் 911-க்குச் சொல்லியிருப்பான். எனக்கோ, "காட்டைக் காப்பாத்தின என் மாப்பிள்ளை" என்று அங்கிள் மைக்கில் அறிவிப்பது காதில் கேட்டது. காரில் தண்ணீர் அரை பாட்டில்தான் இருந்தது. அதை விட்டால் ஈரமான பொருள் ஒன்றே ஒன்று.

யா அல்லாஹ், தேக்சாவை இறக்கித் தரையோடு இழுத்துக்கொண்டு போனேன். மூடியால் மொண்டு மொண்டு வீசினேன். கடைசியில் அப்படியே கவிழ்த்தேன். டைனிங் டேபிள் அளவு இடத்தில் தீ அணைந்தது. காடு முழுக்கத் தாளிப்பு வாசனை.

அப்போதுதான் மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஒரு வெள்ளைக்கார அம்மா மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார். கையில் நெருப்புச் சொட்டும் ஒரு குடுவை.

"சார், அது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பருப்பு," என்றேன். "மட்டனோடு."

அந்தத் தீயை வைத்ததே அவர் வேலை பார்க்கும் வனத்துறைதானாம். குளிர்காலத்தில் காய்ந்த சருகையும் குச்சியையும் இப்படி அளவாக எரித்துவிடுவார்களாம். விட்டுவைத்தால் கோடையில் ஒரு பொறி போதும், மொத்தக் காடும் போய்விடும். மேலே எரிந்தாலும் புளூபெரிச் செடிகளின் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து மறுபடி துளிர்க்கும். இங்குள்ள சில பைன் காய்கள் சூடு பட்டால்தான் வாய் திறந்து விதையையே கொட்டும். குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நான் அணைத்த இடத்தில் மறுபடி தீ வைத்துப் பார்த்தார். மூன்று முறை வைத்தும் பிடிக்கவில்லை.

இதோடு நான் வாயை மூடியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். கரிபூசிய முகத்தோடு, காலித் தேக்சாவோடு ஹாலில் நுழைந்து, "காட்டுத் தீ அங்கிள்! வேற வழியில்லாம தால்ச்சாவை ஊத்தி அணைச்சேன்" என்றேன். அந்த அம்மா சொன்ன எதையும் சொல்லவில்லை. வெட்கங்கெட்டவன்! கூட்டம் "மாஷா அல்லாஹ்" என்றது. அங்கிள் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஷமீமா மட்டும் கேட்டாள். "ரோட்டுல ஆரஞ்சு போர்டு இருந்துதா?"

"இருந்துச்சு... சரியா கவனிக்கல."

"வாப்பா, அது அவங்களே வைக்கிற தீ. எவ்ரி விண்டர் பண்ணுவாங்க. எங்களுக்கு ஃபிஃப்த் கிரேடுலயே சொல்லிக் கொடுத்தாங்க."

அங்கிளின் கை தோளிலிருந்து இறங்கியது. "அப்படியா தம்பி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்று இருநூறு பேர் நெய்ச்சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார்கள். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அவமானத்தைவிட அதுதான் என்னை வதைத்தது.

ஜூன் மாதம் ஒருநாள் ஷமீமா போன் செய்தாள். அவளே கார் ஓட்டி, அங்கிளையும் என்னையும் அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். தீ பட்ட இடமெல்லாம் பச்சைப்பசேலென்று புதுத் துளிர். நடுவில் டைனிங் டேபிள் அளவுக்கு ஓர் இடம் மட்டும் பழைய சருகும் வறண்ட குச்சியுமாகக் கிடந்தது. உப்பும் எண்ணெயும் குடித்த அந்த மண்ணில் புல்கூட இல்லை.

"நீங்க காப்பாத்தினது இதைத்தான்," என்றாள்.

அங்கிள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரிம்மா. எந்தத் தீயை அணைக்கணும்னு இவருக்குத் தெரியாது. ஆனா தீயைக் கண்டா ஓடவும் தெரியல. பேசி முடிச்சுடலாம்."

இன்றைக்கும் ஒழுகும் குழாயைச் சரிசெய்கிறேன் என்று நான் கிளம்பினால் போதும், என் மகள் குறுக்கே வந்து நிற்பாள்.

"டாட், ப்ளீஸ். டோன்ட் சேவ் இட்."