மிளகளவு ஓட்டையும் ஒரு முழ வசனமும்

பக்தியை ஒரே ஒரு முறைதான் நான் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு மன்னிப்பு, பிடிபட்ட மறுநாளே கிடைத்துவிட்டது. விடுதலைதான் இன்னும் கிடைக்கவில்லை.

விஷயம் ஒரு கார் கண்ணாடி. கார் என் மாமனாருடையது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தினமும் காலை ஆறு மணிக்கு வாளியும் துணியுமாக இறங்கி, பச்சைப் பிள்ளைக்குக் காதுமடல் துடைப்பதுபோல் காரைத் துடைப்பார். கண்ணில் புரை அறுவை செய்த பிறகு, நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியாயமாகச் சாவி மகனுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் என் கணவர், பாலத்தில் எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். (ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான்.) ஆக, சாவி எனக்கு வந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. நாத்தனார் ஒப்பவில்லை. "மதினியா மலையில ஓட்டப் போறாக? ஒரு டிரைவரப் போட்டிருவோம்ப்பா" என்றாள். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எம் மருமக ஓட்டுவா" என்றார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதைக் காப்பாற்ற நான் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன். செய்தேன் என்பதுதான் பிரச்சினை.

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, உடன் வேலை பார்க்கும் டீச்சரின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு முக்கூடல் போனேன். திரும்பும்போது முன்னால் ஒரு ஜல்லி லாரி. புத்தியுள்ள எவரும் விலகிப் போவார்கள். எனக்கோ அதை முந்தியே ஆக வேண்டும் என்று வீம்பு. லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் போனேன். 'டிக்' என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியின் இடது பக்கம், கீழே, மிளகளவுக்கு ஒரு ஓட்டை.

நேரே வண்ணார்பேட்டையில் ஒரு கார் கண்ணாடிக் கடைக்கு விட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த கடைக்கார அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"சின்னதுதான் டீச்சர். உள்ள பசைய ஏத்தி, வெயில்ல அரை மணி நேரம் காயவிட்டா சரியாயிரும். ஆனா பசை தீந்துபோச்சு, செவ்வாக்கெழம வாங்க. குளிருக்கு முன்னாடி முடிச்சிரணும், பாத்துக்கிடுங்க. குளிரு பட்டா கீறல் ஓடிரும்."

எங்கள் ஊரில் ஏது குளிர்? மார்கழியில் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்போம், அவ்வளவுதான். ஆனால் நான் போகப்போவது கொடைக்கானலுக்கு ஆயிற்றே.

"அதுவரைக்கும் தூசி தண்ணி எறங்காம மேல டேப்பு ஒட்டி வையுங்க" என்றார்.

டேப் ஒட்டினால் காலை ஆறு மணிக்கு மாமா என்ன ஏது என்று கேட்பாரே. பாளையங்கோட்டைக்குள் நுழையும்போது என் கண்ணில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடை பட்டது. வாசலில் வரிசையாக வேத வசன ஸ்டிக்கர்கள். என் மூளை வாழ்நாளிலேயே அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. இருப்பதிலேயே பெரியதாக, ஒரு முழ நீளத்துக்கு, தங்க எழுத்தில் ஒன்றை வாங்கி ஓட்டையின்மேல் ஒட்டினேன். பாதுகாப்பைப் பற்றிய வசனம்தான். அந்த மட்டில் எனக்கு விவஸ்தை இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் ஜன்னல் வழியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். மாமா துணியோடு ஸ்டிக்கர் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (காருடையதை அல்ல, தன்னுடையதை.) கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அன்று குடும்ப ஜெபத்தில் மருமகளுக்காகத் தனியாக ஒரு ஸ்தோத்திரம். நாத்தனாருக்குப் போன் போட்டு, "மலைக்குப் போறதுக்கு முன்னாடி அவா என்ன செஞ்சிருக்கா தெரியுமா?" என்று பெருமை. அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரையே (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) காருக்கு ஜெபம் பண்ணக் கூட்டி வந்துவிட்டார். ஐயர் நல்ல ஆகிருதி. உள்ளங்கையைச் சரியாக வசனத்தின்மேல் வைத்து, மொத்த உடம்பையும் அதில் சாய்த்து, பத்து நிமிஷம் ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் திறந்தபடி, "பைய ஐயா, பைய" என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த வருஷம் நான் உள்ளம் உருகிச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டேப்பு ஒட்டச் சொன்னா வேதத்த ஒட்டிட்டு வந்திருக்கீகளே டீச்சர்."

"கிழிச்சிருங்க அண்ணாச்சி."

"நானா? சாமி வார்த்தைய நான் தொட மாட்டேன். வேணும்னா நீங்க கிழிங்க."

ஓரத்தில் நகத்தை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு வசனம் எங்கே என்று மாமா கேட்டால்? புத்தகக் கடைக்குப் போன் செய்தேன். "கிறிஸ்துமஸ் நேரம்லா, அந்தச் சைஸு தீந்துட்டு. அடுத்த மாசம்தான் வரும்" என்றார்கள். கிளப்பிய ஓரத்தை மறுபடி எச்சில் தொட்டு அமுக்கினேன்.

"போய்ட்டு வாற வரைக்கும் தாங்கும்லா அண்ணாச்சி?"

"நான் கண்ணாடிக்காரன். ஜோசியக்காரன் இல்ல."

மலை ஏறும்வரை தாங்கியது. நான் ஓட்டிய விதத்தைப் பார்த்து நாத்தனாரே டிரைவர் பேச்சை விட்டுவிட்டாள். மறுநாள் அதிகாலை, ஏரியைப் பார்க்கப் புறப்பட்டோம். கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே வெந்நீர் ஆவிபோல் மூச்சு. பனி விலகட்டுமே என்று சூடான காற்றைக் கண்ணாடிமேல் முழு வேகத்தில் திருப்பிவிட்டேன். முன்சீட்டில் இருந்த மாமா, "ஜெபம் பண்ணிட்டுக் கெளம்புவோம்" என்றார்.

ஜெபத்தின் நடுவில் 'டப்' என்று கேட்டது. கண்ணைத் திறந்தோம். வசனத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு கீறல் புறப்பட்டு விளிம்புக்குப் போயிருந்தது. வலது ஓரத்திலிருந்து இன்னொன்று, எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும், ஸ்டியரிங் பக்கமாக நிதானமாக நடந்து வந்தது. நான் அதை ஆமென் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா இறங்கி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார்.

"இது எப்பம்மா?"

"பத்து நாளைக்கு முன்னாடி மாமா. முக்கூடல் ரோட்டுல."

"அப்பம் ஐயரு கை வச்சது?"

"அந்த ஓட்டை மேலதான்."

பின்சீட்டில் நாத்தனார் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். என் கணவர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். மாமா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். வெட்கத்திலும் ஆத்திரத்திலும் எனக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் முழுக்க என்மேல்தான். கிடைத்த ஒரே நல்ல பெயரை நானே ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டேனே.

சாவி அன்று முழுக்க அவர் சட்டைப்பையில் கிடந்தது. ஏரிக்கு நடந்தே போனோம். மறுநாள் அங்கேயே ஒரு கடையில் கண்ணாடியை மாற்றியபின், ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுது. சொல்லத்தான் தெரியல" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மழுப்பினால், "மேல வசனம் ஒட்டியாச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நாத்தனார் பிள்ளைகள் மார்க் குறைந்து வந்தாலும் அதே கேள்விதான். எனக்கோ ரசத்தில் உப்பு கூடினால்கூட.

போன மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். பத்து வருஷமாகக் கதவுப் பக்கம் தொங்கிய வசனக் காலண்டர், திடீரென்று எதிர்ச்சுவரில், இடுப்பு உயரத்தில் தொங்கியது. லேசாகத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் ஆரஞ்சுப் பழம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். துளைபோடும் மிஷினைத் தொடக் கூடாது என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். மாமா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இது எப்பம் மாமா?" என்றேன்.

பேப்பர் இறங்கவில்லை.

"சாயங்காலம் ஐயரு வாறாரு" என்றார். "கை வச்சு ஜெபம் பண்ணட்டும். பெறவு பேசுவோம்."