டிரம் அண்ணன் மெதுவாகப் பேசிய கதை

ஆம்பூரில் ஒரு ரகசியம் ஐந்து நிமிடத்தில் பைபாஸ் ரோடு வரை போக வேண்டுமா? டிரம் அண்ணனிடம் சொன்னால் போதும். கோள் மூட்டுகிறவர் இல்லை, தங்கமான மனிதர். மெதுவாகப் பேச வராது, அவ்வளவுதான்.

இருபது வருடமாகத் தோல் பதனிடும் டேனரியில் டிரம் செக்‌ஷன். லாரி உயர மரப் பீப்பாய்கள், உள்ளே தோலும் சாய நீருமாக, நாள் முழுக்கத் தடதடவென்று உருளும் இடம். அங்கே 'தண்ணி குடுப்பா' என்று கேட்கவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால் டிரம் நின்றுவிடும். அண்ணன் நிற்க மாட்டார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மனைவிக்குத் தெரியாமல் புடவை வாங்கி வந்து, பக்கத்து வீட்டு பாயிடம் காதோடு காதாக, "பாய், இத உங்க பீரோவுல வைங்க. அவளுக்குத் தெரியக் கூடாது" என்றார். அண்ணன் வீட்டுச் சமையலறையிலிருந்து மனைவியின் பதில் வந்தது: "பச்சைன்னா வேணாம், மாத்திக்கினு வாங்க!"

இப்படிப்பட்டவர் பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படிப் போவார்? எங்கள் மாதா கோயில் மூலையில் ஒரு மரத்தடுப்பு. சல்லடை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் முழந்தாளில் நாம். நாலடி தள்ளி வரிசை. பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல், பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்க மாட்டேன் என்பது அண்ணனின் பிடிவாதம். அதனால் பதினாறு வருடமாக எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்தால் வரிசையில் நிற்பார்; முறை வந்ததும் பின்னால் இருப்பவருக்கு வழிவிடுவார். "நீங்க போங்கம்மா, எனக்கு ஜாஸ்தி நேரம் ஆவும்." அவசரக்காரர்கள் தேடிப்போய் அவர் பின்னால்தான் நிற்பார்கள்.

அந்த நிலையில்தான் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "கல்யாணப் பூசையில நீ என் பக்கத்துல நின்னு நன்மை வாங்கணும்ப்பா. வேற எதுவும் எனக்கு வேணாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"கடவுள் கிட்ட பயம் இல்ல தம்பி" என்றார் என்னிடம். தெருவே திரும்பிப் பார்த்தது. "அவரு மன்னிச்சிடுவாரு. வரிசையில நிக்கிறவங்க மன்னிப்பாங்களா?"

நான் அப்போது கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு. யோசனைகளை அள்ளிவிட்டேன். ஆளில்லாத நேரத்தில் போகச் சொன்னேன். காலிக் கோயில் ஒரு தும்மலையே பஸ் ஸ்டாப் வரை எதிரொலிக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அமிர்தி அருவிக்குப் போய்ப் பழகச் சொன்னேன். போய் வந்தார். "ஜோரா வந்துச்சு தம்பி! தண்ணி சத்தத்துல எனக்கே கேக்கல!" எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குக் கை ஓடும். நாலாவது வரியில் அதே சமையலறையிலிருந்து குரல்: "அது நீங்க இல்ல, உங்க தம்பி பண்ணது. அடிச்சிடுங்க!"

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். நான் பீடத்தின் பக்கம் கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் பதினொரு பேர். அதில் முதல் ஆள் லில்லி அக்கா, ஆஸ்பத்திரி நர்ஸ்; ஊர்வம்புக்கு ஒரு நாளும் லீவு விடாதவர். அண்ணனின் முறை வந்தது. இந்த முறை வழிவிடவில்லை. நேராகப் போய் முழந்தாளிட்டார்.

"சாமி! பாவியாகிய என்னை ஆசீர்வதியும்! கடைசியா பண்ணி பதினாறு வருஷம் ஆவுது!"

உத்தரத்துப் புறாக்கள் பறந்தன.

"மெதுவா, மெதுவா" என்றார் சாமியார்.

"மெதுவாத்தான் சாமி பேசறேன்!"

அடுத்து முதல் பாவம் வர வேண்டும். வரிசை மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த அமைதி அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. தடுப்புக்கு வெளியே நீண்டிருந்த பாதங்கள் அசைந்தன. எழுந்துவிடப் போகிறார்!

"அருள் நிறைந்த மரியே வாழ்க!"

லில்லி அக்கா. ஆறு வார்டுக்குக் கேட்கும் குரல். அடுத்த வரிக்குள் மற்ற பத்துப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்து முறைத்தார். "இன்னாத்துக்குடா அந்தப் பொட்டிய வெச்சிருக்க? போடு!" சத்தத்தைக் கடைசிவரை திருகி, வாய்க்கு வந்ததைப் பாடி, கைக்கு வந்ததை வாசித்தேன். தரை அதிர்ந்தது. அண்ணனின் பாதங்கள் மறுபடி பழைய இடத்தில் ஊன்றின. அவருக்கு டேனரி மாதிரியே இருந்திருக்க வேண்டும்.

அரை மணி கழித்து, சட்டை தொப்பலாக வெளியே வந்தார். "லில்லிம்மா, ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இன்னாது? ஜெபமாலை சொல்றதுக்கே எங்களுக்கு நேரம் பத்தலண்ணே."

மறுநாள் நன்மை வாங்க ஸ்டெல்லா பக்கத்தில் நின்றார். அவருடைய 'ஆமென்'னுக்குப் பயந்து முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணனின் உதடு அசைந்தது. சத்தமே வரவில்லை.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கிய ஓர் இடைவெளியில், அவர் சொன்ன ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை எதை வைத்து நிரப்புவது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட வாரங்கள் எத்தனையோ உண்டு. அதை மட்டும் எழுதியதில்லை.